ஏர் எடுத்தும் ஏறாத பெடல்: 1970 பீட்டில் ஒன்றின் பிரேக் ஆய்வு

வண்டி 1970 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1300. வலப்பக்க ஸ்டியரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் வழி உள்ள டூயல் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்க, ஆயிலை லைனுக்குள் தள்ளுவது இதுதான்). சில வருடம் கொட்டகையில் ஓடாமல் நின்றது. திரும்ப ஓட்டுவதற்காக நான்கு சக்கரத்துக்கும் புது ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்தி நிறுத்தும் வளைந்த கட்டைகள்), புது மாஸ்டர் சிலிண்டர் போட்டார்கள். அதன் பிறகு வீட்டு வாசலிலேயே இரண்டு பேர் சேர்ந்து மூன்று தடவை ஏர் எடுத்தாயிற்று, அதாவது பிரேக் லைனில் தங்கிய காற்றை ஆயிலோடு வெளியேற்றியாயிற்று. குறை தீரவில்லை. முதல் மிதியில் பெடல் முக்கால்வாசி உள்ளே போகிறது. உடனே இன்னும் இரண்டு மிதி மிதித்தால் மேலே ஏறிக் கெட்டியாக நிற்கிறது. ஒரு நிமிடம் விட்டு மிதித்தால் பழைய கதைதான்.

இந்தக் குறையை யாரிடம் சொன்னாலும் "லைன்ல ஏர் நிக்குது, இன்னொரு தடவை எடுத்துப் பாருங்க" என்றுதான் பதில் வரும். இந்த வண்டிக்கும் அதுவே சொல்லப்பட்டது. ஆனால் கோளாறின் பெரும்பங்கு ஏரில் இல்லை. ஷூ அட்ஜஸ்ட்மென்ட், பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடின் இடைவெளி, பிரேக் ஆயில் தொட்டியான ரிசர்வாயரிலிருந்து இறங்கும் ஊட்டுக் குழாய் என மூன்று இடங்களில் அது பிரிந்து கிடந்தது. சக்கரத்தில் ஏர் எடுப்பது இவை எல்லாம் முடிந்த பிறகு வர வேண்டிய வேலை. இங்கே அதையே முதல் வேலையாக மூன்று முறை செய்திருந்தார்கள்.

பெடல் சொல்வது என்ன

இந்தப் பீட்டிலில் காலின் விசையைக் கூட்டித் தரும் வாக்குவம் பூஸ்டர் கிடையாது. இது நோய் கண்டுபிடிப்பவருக்குப் பெரிய வசதி. எஞ்சினை ஓடவிடாமலே, வண்டியை நகர்த்தாமலே பெடலை முழுதாகப் படிக்கலாம். காலுக்குத் தெரிவது நேராக ஆயிலின் அழுத்தம்தான்.

நான்கு விதமான பெடல் உண்டு. முதல் மிதியில் ஆழமாகப் போய், பம்ப் செய்தால் ஏறி, ஏறிய இடத்தில் கெட்டியாக நின்றால் ஷூ டிரம்மிலிருந்து தள்ளி நிற்கிறது. பம்ப் செய்தால் கொஞ்சம் ஏறும், ஆனால் ஏறிய இடத்திலும் காலுக்கடியில் ஸ்பிரிங் போல அமுங்கிக்கொண்டே இருக்கும் என்றால் ஏர். ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடித்திருக்க மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரம் இல்லை, ரிசர்வாயரில் அளவும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே சீல் தாண்டி ஆயில் ஓடுகிறது. நான்காவது வகையில் பெடல் நன்றாகவே இருக்கும், ஆனால் சில கிலோமீட்டர் ஓடியதும் வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும். அது புஷ்ராடு சமாச்சாரம், அல்லது உள்ளுக்குள் வீங்கி அடைத்த ஹோஸ்.

நம் வண்டி பெருமளவு முதல் வகை, கொஞ்சம் இரண்டாம் வகை. பம்ப் செய்து ஏறிய பிறகு பெடல் கெட்டியாக நின்றாலும், நிற்பதற்கு முன் சிறிய ஒரு அமுங்கல் இருந்தது. அந்தச் சிறிய அமுங்கலை மட்டும் பார்த்ததால்தான் மூன்று முறையும் ஏர் என்றே முடிவு கட்டினார்கள்.

பம்ப் செய்தால் ஏன் ஏறுகிறது? பெடலை விட்டதும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் ஸ்பிரிங் விசையில் சட்டென்று திரும்பிவிடும். சக்கரத்திலிருந்து ஆயில் அந்த வேகத்தில் திரும்பாது. அந்த இடைவெளியில் ரிசர்வாயர் ஆயில் பிஸ்டனின் ரப்பர் சீல் கப்பின் விளிம்பைத் தாண்டி அதன் முன்னுள்ள அறையை நிரப்பிவிடும். உடனே மிதித்தால் லைனில் வழக்கத்தைவிட அதிக ஆயில் இருக்கும், ஷூ டிரம்மை விரைவில் தொடும். ஒரு நிமிடம் காத்திருந்தால் அந்த அதிக ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பிப் போய்விடும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் சந்தேகமே இருக்காது. இந்த வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் துளை 19.05 மி.மீ., சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் முன்னால் 22.2 மி.மீ., பின்னால் 17.46 மி.மீ. பரப்பளவு முறையே சுமார் 285, 387, 239 சதுர மி.மீ. ஒவ்வொரு வீல் சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன். ஷூ தளர்ந்திருப்பதால் ஒவ்வொரு பிஸ்டனும் அரை மி.மீ. கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். முன் சர்க்யூட்டுக்கு 774 கன மி.மீ., பின் சர்க்யூட்டுக்கு 478 கன மி.மீ. ஆயில் அதிகம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் அது 2.7 மி.மீ., 1.7 மி.மீ. நகர்வு. டேண்டம் சிலிண்டரில் இரண்டு பிஸ்டனும் ஒன்றன் பின் ஒன்றாக இருப்பதால் இரண்டும் கூடி 4.4 மி.மீ. புஷ்ராடு 1 மி.மீ. நகர பெடல் 5 முதல் 7 மி.மீ. நகர வேண்டும். ஆக, வெறும் அரை மி.மீ. தளர்வுக்கு பெடல் 22 முதல் 31 மி.மீ. வரை வீணாக இறங்கும்.

ஏரோடு ஒப்பிடுங்கள். 1 மில்லி அளவுள்ள ஏர் குமிழி பிரேக் அழுத்தத்தில் நசுங்கிக் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். அந்த 1000 கன மி.மீ.யை ஈடுகட்ட புஷ்ராடு 3.5 மி.மீ. நகர்ந்தால் போதும். அதாவது நான்கு சக்கரத்திலும் ஷூ அரை மி.மீ. தள்ளி நிற்பது, லைனில் 1 மில்லி ஏர் இருப்பதைவிடப் பெடலை ஆழத்துக்குக் கொண்டுபோகும். எத்தனை லிட்டர் ஆயிலை நிப்பிள் (சக்கரத்தில் ஏர் எடுக்கத் திறக்கும் திருகு) வழியாக வெளியே விட்டாலும் இந்தத் தளர்வு தீராது.

புஷ்ராடு

முதலில் பார்க்க வேண்டியது இது, பலர் கடைசிவரை பார்க்காததும் இதுதான். பீட்டிலில் பெடல் மேலிருந்து தொங்காது, தரையிலிருந்து முளைக்கும். மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்கு முன்னால், சட்டத்தின் முன்தலையில், 13 மி.மீ. தலையுள்ள இரண்டு போல்ட்டில் நிற்கிறது. வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் முன் வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே கைவிட்டால் எட்டும்.

புஷ்ராடு முனைக்கும் பிஸ்டனுக்கும் நடுவே, பெடல் ஓய்வில் இருக்கும்போது 1 மி.மீ. இடைவெளி வேண்டும். பெடலின் தலையில் அது 5 முதல் 7 மி.மீ. வெறும் ஆட்டமாகத் தெரியும். இந்த வண்டியில் ஆட்டமே இல்லை. மாஸ்டர் சிலிண்டரை மாற்றியவர் பெடலின் வெறும் ஆட்டத்தை எடுத்துவிடப் பார்த்து, பெடலின் பின்னாலுள்ள நிறுத்தத் தகட்டை முன்னுக்குத் தள்ளி இறுக்கியிருந்தார். பெடல் ஆழமாகப் போகிறதே என்ற கவலையில் செய்யும் வழக்கமான சமாளிப்பு இது, ஆபத்தானதும்கூட.

பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்தால்தான் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள சிறு ஈடுசெய் துளை திறந்திருக்கும். புஷ்ராடு பிஸ்டனைக் கொஞ்சமே தள்ளிக்கொண்டிருந்தாலும் சீல் கப் அந்தத் துளையை மூடிவிடும். அப்போது இரண்டு கெடுதல். ஓடும்போது சூடேறி விரியும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்ப வழியில்லாமல் ஷூவை அழுத்தும், அது டிரம்மைச் சூடாக்கும், சூடு இன்னும் விரிக்கும், கடைசியில் வண்டி நின்றுவிடும். வாசலில் ஏர் எடுக்கும்போதோ மாஸ்டர் சிலிண்டருக்குள் தங்கிய குமிழி மேலே ரிசர்வாயருக்கு ஏற வழி இருக்காது.

சரிசெய்ய நிறுத்தத் தகட்டின் போல்ட்டைத் தளர்த்தி, தகட்டை நகர்த்தி, பெடலில் 6 மி.மீ. ஆட்டம் வருமாறு வைத்து இறுக்க வேண்டும். புஷ்ராடின் நீளத்தைத் தொடவே கூடாது. அது தொழிற்சாலையில் பொருத்தி லாக்நட் போட்டது. பெடலுக்கடியில் மிதியடி மடிந்து கிடந்தாலும் இதே கோளாறு வரும். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன் மிதியடியைத் தூக்கி வெளியே போடுங்கள்.

ஷூ

வண்டியை சமதரையில் நிறுத்தி, நகராத சக்கரத்துக்கு முட்டு வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினார்கள். முன்னால் அச்சுக் குழாய்க்கு அடியில், பின்னால் டார்ஷன் குழாய்க்கு அடியில். எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி வைக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்துக்குப் பின்னால் தலையை விடாதீர்கள்.

பின் சக்கர அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் கேபிளை முழுதாகத் தளர்த்த வேண்டும். இது இல்லாமல் செய்த வேலை வீண். லீவரின் அடியில் இரண்டு கேபிளும் நட்டுகளோடு வெளியே தெரியும். கேபிள் இறுக்கமாக இருந்தால் ஷூ ஓய்வு நிலைக்கே வராது. அந்தப் பொய்யான இடத்திலிருந்து, ஷூவை டிரம்முக்கு நெருக்கும் பல்லுள்ள நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். இந்த வண்டியில் நடந்தது அதேதான்: பின் ஷூவின் தளர்வைக் கேபிளை இழுத்தே மறைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு ஷூ, இரண்டு நட்சத்திரச் சக்கரம். டிரம்முக்குப் பின்னாலுள்ள தகட்டின் ரப்பர் அடைப்பான்களை எடுத்தால் துளை வழியாகத் தெரியும். தட்டையான ஸ்க்ரூடிரைவரால் பல் பல்லாகத் திருகலாம். முதலில் பெடலை இரண்டு முறை நன்றாக மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைக்க வேண்டும். பிறகு ஒரு நட்சத்திரத்தைச் சக்கரம் கையால் சுழலாத அளவுக்கு இறுக்கி, மூன்று நான்கு பல் பின்வாங்க வேண்டும். சக்கரம் தடையின்றிச் சுழல வேண்டும், எங்கோ ஓரிடத்தில் மெல்லிய உரசல் கேட்டால் பரவாயில்லை. அதே சக்கரத்தின் மற்ற நட்சத்திரத்துக்கும் அதே வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும். ஒன்று இறுகும் திசையில் மற்றதைத் திருகினால் அது தளரும், சக்கரம் இறுகவே இல்லையே என்று குழம்பிப் போவீர்கள்.

இடது பின் சக்கரத்தில் ஒரு நட்சத்திரம் இறுகிய பிறகும் சக்கரம் சுழன்றது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோது அட்ஜஸ்டர் ஸ்க்ரூ திருப்பிப் போடப்பட்டிருந்தது. அந்த ஸ்க்ரூவின் தலையிலுள்ள வெட்டு சாய்வானது, ஷூ முனையின் சாய்வோடு பொருந்தி உட்கார வேண்டும். தலைகீழாகப் போட்டால் ஷூ ஓரத்தில் மட்டும் தாங்கி நிற்கும், மிதிக்கும்போது வளைந்து கொடுக்கும். காலுக்கு அது ஏர் போலவே தெரியும். இந்த ஒரு சக்கரம்தான் பெடலின் அந்தச் சிறு அமுங்கலில் பாதிக்குப் பொறுப்பு.

பின் டிரம்மைக் கழற்ற 36 மி.மீ. நட்டு. அதன் இறுக்கம் சுமார் 300 நியூட்டன் மீட்டர். வண்டி தரையில் நிற்கும்போது, நீளமான கைப்பிடி போட்டுத் தளர்த்த வேண்டும், ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இந்த நட்டோடு மல்லுக்கட்டக் கூடாது. திரும்பப் பூட்டும்போது முழு முறுக்குக்கு இறுக்கிய பின் நட்டைப் பூட்டும் காட்டர் பின் என்ற ஊசிக்கான துளை நேராக வரவில்லை என்றால் இன்னும் இறுக்கித்தான் துளையைச் சேர்க்க வேண்டும். பின்வாங்கக் கூடாது. அந்த நட்டு தளர்ந்தால் டிரம்மின் உட்பற்கள் தேய்ந்து சக்கரம் அச்சில் சும்மா சுற்றும். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் பைப் வைத்தும் அடிக்காதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. ஈரத் துணியால் துடைத்து அந்தத் துணியை எறிந்துவிடுங்கள்.

புஷ்ராடும் ஷூவும் சரியானதும், ஒரு சொட்டு ஆயிலையும் வெளியே விடாமலே, பெடல் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. பம்ப் செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய அதே உயரம்.

கசிவு, ஹோஸ், ஊட்டுக் குழாய்

டிரம் கழன்று இருக்கும்போதே வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் ஓரம் விலக்கிப் பார்த்தார்கள். உள்ளே லேசான கசகசப்பு இருந்தால் விட்டுவிடலாம். விரலில் ஒட்டி வழிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டும். இடது பின் சிலிண்டர் வழிந்தது, பின்னால் இரண்டையும் மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது பொய்ச் சிக்கனம்.

ஹோஸ் நான்கு: முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. நான்கும் வெளியே பார்க்க நன்றாகவே இருந்தன, மடக்கினால் வெடிப்புத் தெரிந்தது. பழைய ஹோஸ் உட்புறம் வீங்கித் துளை சுருங்கும். மிதிக்கும் விசை ஆயிலை உள்ளே தள்ளிவிடும், ஷூ ஸ்பிரிங்கின் விசை அதைத் திருப்பி அனுப்பப் போதாது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சூடாவதற்கு இது அடிக்கடி காரணம். நான்கும் மாற்றப்பட்டன. புது ஹோஸைத் திருகிப் பூட்டும்போது முறுக்கி விடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, டயரில் உரசுகிறதா என்று பாருங்கள். இரும்புக் குழாயின் நட்டு 11 மி.மீ. அதற்குத் திறந்த ஸ்பானர் போட்டால் முனை மழுங்கிவிடும், குழாய் நட்டுக்கென்று வாய் வெட்டிய ரிங் ஸ்பானர் உண்டு, அதுதான் வேண்டும். புதுக் குழாய் வாங்கினால் முனையின் வடிவத்தைப் பழையதோடு ஒப்பிடுங்கள். பீட்டிலுக்கு உருண்டையான குமிழ் முனை. இரட்டை மடிப்புக் கூம்பு முனையை அதில் இறுக்கினால் எவ்வளவு முறுக்கினாலும் ஈரம் வரும்.

அடுத்தது ரிசர்வாயர். முன் பானட்டுக்குள் ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் உள்ளது. அங்கிருந்து மாஸ்டர் சிலிண்டர்வரை துணி போர்த்திய ஊட்டு ஹோஸ் இறங்குகிறது, முனையில் பிளாஸ்டிக் முழங்கை, அது குரோமெட் என்ற ரப்பர் வளையத்தில் செருகியிருக்கும். இந்த வண்டியில் ஊட்டு ஹோஸை மாற்றியவர் தேவைக்கு மேல் நீளமாக வெட்டியிருந்தார். ஹோஸ் நடுவில் மேடாக வளைந்து நின்றது. அந்த மேட்டில் ஏர் தங்கி, ஒவ்வொரு வேகமான மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாஸ்டர் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. சக்கரத்தில் எடுத்து முடித்த ஏர் மேலிருந்து மறுபடி வந்துகொண்டிருந்தது. ஹோஸை வெட்டி, ரிசர்வாயரிலிருந்து சிலிண்டர்வரை எங்கும் மேடில்லாமல் சரிந்து இறங்கும்படி வைத்தார்கள். இந்த இடத்தில் பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள், அந்த ரப்பர் பிரேக் ஆயிலில் ஊறி வீங்கும். குரோமெட்டில் முழங்கையைச் செருக பிரேக் ஆயிலையே தடவுங்கள். கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் சீல்கள் எல்லாம் உப்பிக் கெடும், முழு லைனையும் பிரித்தெடுக்க வேண்டியதாகிவிடும்.

மாஸ்டர் சிலிண்டரில் செருகியிருக்கும் பிரேக் லைட் சுவிட்சுகளையும் தடவிப் பாருங்கள். அவை உள்ளுக்குள் கசிந்து, ஒயர் முனை வழியாக ஆயிலை வெளியே விடும். கீழே சொட்டாது, ஒயரின் உறையே குடித்துவிடும்.

ஆயில்

டாட் 4 தரப் பிரேக் ஆயில், சீல் உடைக்காத அரை லிட்டர் பாட்டில் இரண்டு. பழைய ஆயில் தேயிலைச் சாயத்தில் இருந்தது. இந்த ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் 155 டிகிரிதான் உத்தரவாதம். டாட் 3-க்கு இது 205, 140. மலை இறக்கத்தில் டிரம் சூடேறி வீல் சிலிண்டரில் நீர் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும், ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஏறிவிடும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கடலோர ஈரக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது.

டாட் 5.1-ஐயும் டாட் 5-ஐயும் ஒன்றாக நினைக்க வேண்டாம். டாட் 5 சிலிக்கான், மற்றவற்றோடு கலக்காது, நுண்குமிழிகளை எளிதில் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்காக நிற்கும் கண்காட்சி வண்டிக்கு அதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. சாலையில் ஓடும் பீட்டிலுக்கு அது தேவையற்ற தலைவலி என்பதே எங்கள் கருத்து.

பானட்டின் விளிம்பிலும் ஃபெண்டரிலும் ஈரத் துணி விரித்துவிட்டு ஆயில் பாட்டிலைத் திறவுங்கள். பெயின்டில் சிந்தினால் துடைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஏர் எடுத்த முறை

முதலில் ரிசர்வாயரில் இருந்த பழைய ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த கசடைத் துடைத்துவிட்டுப் புதிது நிரப்பினார்கள். பழையதை முழுக்க லைன் வழியாகவே தள்ளினால் அந்தக் கசடும் புது மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொடங்க வேண்டும். புதிது போட்டபோது வெளியே வைத்து நிரப்பாமல் காலியாகவே பூட்டியிருந்ததால், அதன் உள்ளறையின் மேல் மூலையில் ஏர் நின்றது. இந்தக் குமிழி சக்கரத்துக்குப் போகாது. மிதித்தால் நசுங்கும், விட்டால் விரியும், அதே இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும். வெளியேறும் குழாய் நட்டைச் சுற்றித் துணி கட்டி, ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, மற்றவர் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தினார். நுரையாக வந்தது. பெடலை விடுவதற்கு முன் இறுக்கினார். நுரை நின்று சுத்தமான ஆயில் வரும்வரை ஒவ்வொரு குழாய்க்கும் இப்படி. மீதமிருந்த அமுங்கலில் பெரும்பகுதி இங்கேயே போயிற்று.

பிறகு சக்கரங்கள். வலப்பக்க ஸ்டியரிங்கில் மாஸ்டர் சிலிண்டர் வலது முன்னால் இருப்பதால் வரிசை: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கான கையேடு வலது பின்னில் தொடங்கும், அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிப்பிளுக்கு 7 மி.மீ. ரிங் ஸ்பானர். மாற்றுச் சிலிண்டர்களில் வேறு அளவும் வரும், பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது. அசையவில்லை என்றால் மல்லுக்கட்டி முறிக்காதீர்கள். சிலிண்டரை மாற்றும் முடிவுக்கு வாருங்கள், அது முறிந்த நிப்பிளைத் துளைத்தெடுப்பதைவிட மலிவு. ஸ்பானரை முதலில் மாட்டி, அதன்மேல் ஒளிபுகும் குழாயைச் செருகி, குழாய் நிப்பிளிலிருந்து மேலே ஏறி வளைந்து பாட்டிலுக்கு இறங்கும்படி வைக்க வேண்டும். பாட்டிலின் அடியில் இரண்டு விரற்கடை ஆயில், குழாய் முனை அதில் முழுக வேண்டும்.

பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை. பலர் இதைச் செய்வதில்லை. பழைய மாஸ்டர் சிலிண்டரில், அன்றாடம் சீல் போகாத ஆழத்தில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் விளிம்பு அந்தத் துருவில் உரசிக் கிழியும். "ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் சிலிண்டர் போச்சு" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான். கட்டை பெடலை மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் நிறுத்தட்டும்.

மிதிப்பவருக்கும் நிப்பிளில் இருப்பவருக்கும் மூன்று சொல் போதும். "மிதி" என்றதும் மெதுவாக அழுத்தி அழுத்தத்தை விடாமல் வைத்திருக்க, நிப்பிள் கால் சுற்றுத் திறக்கப்படும், பெடல் கட்டைவரை இறங்கும். "பிடி" என்றால் காலை அசைக்காமல் அங்கேயே நிற்க வேண்டும், நிப்பிள் மூடப்படும். "விடு" என்ற பின்தான் கால் மேலே வரலாம், அதுவும் மெதுவாக. அடுத்த மிதிக்கு முன் மூன்று வினாடி இடைவெளி. படபடவென்று பம்ப் செய்தால் குமிழிகள் நுண்ணிதாக உடைந்து ஆயிலில் கலந்துவிடும், பிறகு அவை வெளியேற மணிக்கணக்காகும்.

எட்டு மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பார்க்க வேண்டும். பாதிக்குக் கீழே போக விடாதீர்கள். ஒரு தடவை காலியானால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மறுபடி ஆரம்பம். இடது பின்னுக்கு நீளக் குழாயும் சேர்ந்து வருவதால் கால் லிட்டர் போனது. மற்ற மூன்றுக்கும் ஒவ்வொன்றுக்கும் 100 முதல் 150 மில்லி. குமிழி நின்றாலும் சாயம் மாறும்வரை விட வேண்டும். நிப்பிளை அதிகம் முறுக்காதீர்கள், 5 நியூட்டன் மீட்டர் போதும். ரப்பர் மூடியை மறக்காமல் போடுங்கள், திறந்த நிப்பிளின் துளையில் நீர் புகுந்து துருவேறினால் அடுத்த முறை திறக்காது.

ஆள் இல்லாமல் தனியாகச் செய்பவர்கள் ரிசர்வாயர் மூடியில் அழுத்தம் கொடுத்து எடுக்கலாம். பீட்டில் காலத்து ஆட்களுக்கு இது புதிதல்ல, இந்த வண்டியின் கண்ணாடி கழுவும் நீரே ஸ்பேர் டயரின் காற்றில்தான் பீய்ச்சுகிறது. ஆனால் பிரேக்குக்கு 1 பார் அழுத்தத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் ஐம்பது வருடத்துப் பிளாஸ்டிக்கும் குரோமெட்டும் தாங்காது. நிப்பிளில் உறிஞ்சி எடுக்கும் பம்ப் எங்களுக்குப் பிடிக்காதது: நிப்பிளின் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே வரும், குழாயில் குமிழி ஓயாது, ஏர் இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியாது.

டிஸ்க் பிரேக் உள்ள பீட்டிலில், அல்லது பின்னால் டிஸ்க்குக்கு மாற்றிய வண்டியில், ஒரு விஷயம் கூடுதல். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை இடம் வலம் மாற்றிப் போட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வரும். ஏர் மேலே நிற்கும், நிப்பிள் கீழே ஆயிலை விடும், எத்தனை லிட்டர் ஊற்றினாலும் தீராது. நிப்பிள் எப்போதும் மேல் முனையில் இருக்க வேண்டும்.

சாலைக்கு முன்னும் பின்னும்

ஏர் எடுத்த பின் நட்சத்திரச் சக்கரங்களை மறுபடி ஒரு முறை பார்த்தார்கள், மூன்று நட்சத்திரங்களில் இன்னும் ஒரு பல் இறுக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே ஹேண்ட்பிரேக் கேபிள்: இரண்டு கிளிக்கில் உரசத் தொடங்கி, நான்கு கிளிக்கில் இரண்டு பின் சக்கரமும் கையால் சுழலாதபடி, இரண்டு பக்கமும் சமமாக. பெடலை முழுப் பலத்தோடு மிதித்து அரை நிமிடம் பிடித்திருக்க, மற்றவர் டார்ச்சோடு எல்லா இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். ஈரம் இல்லை.

முதல் ஓட்டம் வாசலிலேயே, நடக்கும் வேகத்தில். பிறகு ஆளில்லாத சாலையில் 20, 40 கி.மீ. வேகத்தில் நிறுத்தங்கள். வண்டி இடது பக்கம் கொஞ்சம் இழுத்தது. வலது முன் ஷூ இன்னும் டிரம்மின் வளைவுக்குப் பழகவில்லை, சில மிதமான நிறுத்தங்களுக்குப் பின் நேரானது. பத்து கிலோமீட்டர் ஓடித் திரும்பியதும் நான்கு சக்கரத்தின் நடுவையும் புறங்கையால் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். முன்னால் இரண்டும் ஒரே சூடு, பின்னால் இரண்டும் அதைவிடக் குறைவாக, ஒன்றுக்கொன்று சமம். பெடலின் ஆட்டம் சூட்டிலும் 6 மி.மீ. அப்படியே இருந்தது.

500 கிலோமீட்டருக்குப் பின் பெடல் மறுபடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. புது ஷூ தேய்ந்து உட்கார்ந்ததால் வந்த தளர்வு. முன்னால் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு பல், பின்னால் ஒரு பல் இறுக்கினார்கள். நிப்பிளின் ரப்பர் மூடியைக் கழற்றவே இல்லை.